நடப்பு நிகழ்வுகளுக்கு எப்படி நோட்ஸ் எடுக்கிறீங்க?

வணக்கம் அண்ணா, அக்கா. ஆரம்பாக்கத்துல இருந்து டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டை மொட்டை மாடியில நின்னே பார்க்கிறதால அந்தச் செய்தி மட்டும் மறக்கிறதே இல்ல. 2024 டிசம்பர் 30-ல பிஎஸ்எல்வி-சி60 ராக்கெட் கொண்டுபோன ஸ்பேடெக்ஸ் (விண்வெளியில ரெண்டு செயற்கைக்கோளை இணைக்கிற இஸ்ரோ சோதனை), 2025 ஜனவரி 16-ல அந்த ரெண்டும் இணைஞ்சது, ஜனவரி 29-ல அங்கிருந்து 100-வது ஏவுதல், எல்லாம் தேதியோட நிக்குது.

உலக அமைப்புகள்தான் குழப்புது. ஜி20-ல ஆப்பிரிக்க ஒன்றியம் 2023-லயே சேர்ந்தாச்சு. பிரிக்ஸ்ல 2025-ல இந்தோனேசியாவும் வந்தாச்சு. என் பழைய புத்தகத்துல இதெல்லாம் இல்ல, அந்தப் பட்டியலையே மனப்பாடம் பண்ணிட்டேன்.

மாத வாரியா எழுதுறீங்களா, தலைப்பு வாரியாவா? தமிழ்ல நல்ல மாதத் தொகுப்பு எது? கும்மிடிப்பூண்டி, தடா பக்கம் ஞாயித்துக்கிழமை சேர்ந்து படிக்கிறவங்க இருந்தா என்னையும் சேர்த்துக்கோங்க.