கோட்டையூர் வளவு – சாந்தி வேலைகள்

சனிக்கிழமை, காலை 11:40

வள்ளி (சென்னை): [7 படங்கள்]

வள்ளி: ஆழ்வார்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடையில் நிற்கிறேன். சொக்கலிங்கம் பெரியப்பாவின் சாந்திக் கல்யாணத்துக்கு முதல்நாள் ராத்திரி இளசுகள் எல்லாரும் பழைய காலத்து உடுப்பு என்று முடிவானதே, அதற்குத்தான். முகப்பில் வைக்கவும் கொஞ்சம் சாமான் பார்த்திருக்கிறேன். எது வேண்டும், எது வேண்டாம் என்று சீக்கிரம் சொல்லுங்கள். கடைக்காரர் பில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்.

அலமேலு: வெயிலில் ஏன் அலைகிறாய்

கண்ணன் (சிங்கப்பூர்): பெரிய காலர் சட்டை எனக்கு. 42.

உமையாள்: பழைய உடுப்பு என்று யார் முடிவு பண்ணியது?

கண்ணன்: நீங்கதான் ஆத்தா. போன வாரம்.

உமையாள்: பார்ப்போம் என்றேன். சரி என்று சொல்லவில்லை.

சீதை: படம் நல்லா இருக்கு

உமையாள்: விலை?

வள்ளி: மங்கு (இரும்பில் எனாமல் பூசியது) கேரியர், நாலடுக்கு, 5,800. கண்டாங்கிப் புடவை 4,200. சட்டை 1,900. கறுப்பு டயல் போன் 3,500. மர்பி ரேடியோ 9,000, பாடாது. ரவிவர்மா லட்சுமி படம் சட்டத்தோடு 12,000. பித்தளைத் தூக்கு 7,500.

உமையாள்: பாடாத ரேடியோவுக்கு 9,000!

கண்ணன்: அலங்காரத்துக்கு ஆத்தா.

உமையாள்: அலங்காரத்துக்கு உன் அப்பச்சி ஒருத்தர் போதும். அவரும் பாடுவதில்லை.

மெய்யப்பன்: வள்ளி, அவசரப்படாதே. முதலில் கேரியரின் அடியைத் திருப்பிப் பார். முத்திரை இருக்கும். ஸ்வீடன் என்றிருந்தால் நம் பக்கத்து வீடுகளுக்கு நிறைய வந்த சரக்கு, நல்லது. செக்கோஸ்லோவாகியா என்றிருந்தால் 1918க்கு முன்னால் போக முடியாது, அந்தத் தேசம் பிறந்ததே அப்போதுதான். 1992 முடிவோடு அது இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஜப்பான் என்பதற்கு முன்னால் 'ஆக்குபைட்' என்று ஒரு சொல் இருந்தால் போர் முடிந்து 1952 வரை அமெரிக்கப் படை அங்கே உட்கார்ந்திருந்த காலத்துச் சரக்கு. அடுத்தது, தெறித்த இடம். ஓரத்தில் மங்கு தெறித்து இரும்பு தெரிகிறதா? அந்தத் துருவை நகத்தால் சுரண்டு. இப்போது புதுச் சாமானில் துருவையே பெயிண்டால் வரைந்து விற்கிறார்கள். அப்படியானால் நகத்தோடு வந்துவிடும்.

அலமேலு: 👍

கண்ணன்: அம்மான், சட்டை?

வள்ளி: சுரண்டினேன். வரவில்லை. ஸ்வீடன்தான். கடைக்காரர் முகம்தான் மாறிவிட்டது.

உமையாள்: இதே கேரியர் நம் இரண்டாங்கட்டு சாமான் அறையில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கிறது. வாளி, பேசின், மூடி போட்ட கிண்ணம், எல்லாம். கிடப்பதை விட்டுவிட்டு 5,800 கொடுத்து மெட்ராஸிலிருந்து பல்லவன் ரயிலில் ஏற்றிக்கொண்டு வரப்போகிறாளாம்.

வள்ளி: அறையைத் திறக்க முடியவில்லை என்றுதானே அத்தை கடைக்கு வந்தேன்.

உமையாள்: ஏன் திறக்க முடியவில்லை என்று கேட்க வேண்டியவரைக் கேள்.

மெய்யப்பன்: லெட்சுமணன் பார்த்துவிட்டார். நீல டிக் வந்திருக்கிறது.

அலமேலு: ஆச்சி, சமையல்காரர் பலகாரத்துக்குக் கணக்குக் கேட்கிறார். கந்தரப்பம் எத்தனை?

சீதை: தலைக்கு 2

உமையாள்: மனகோலத்தைக் குறைக்கச் சொல். போன தடவை மீந்து, வேலைக்காரர்களே வேண்டாம் என்றார்கள்.

மெய்யப்பன்: அந்த மங்குச் சாமான்கள் பற்றி ஒரு வார்த்தை. ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தவை அவை. 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காடும் மலையுமாக நடந்து வந்தவர்களில்

உமையாள்: நடந்து வந்தவர் நாலடுக்கு கேரியரைத் தலையில் வைத்துக்கொண்டா வந்தார்?

மெய்யப்பன்: ஆச்சி, முடிக்க விடுங்கள். கப்பலில் வந்தவை அதற்கு முந்தியே வந்துவிட்டன. நடந்து வந்தபோது வந்தது ஐயாவும் ஒரு கணக்குப் புத்தகமும்தான்.

கண்ணன்: அந்தக் கணக்கில் வரவேண்டியது இன்னும் வரவில்லை 😄

வள்ளி: சட்டைக்கு வருகிறேன். 1965 சட்டையாம். உள்ளே தையல்கடைச் சீட்டு அப்படியே இருக்கிறது, மெட்ராஸ் 600 017 என்று. கடைக்காரர் அதைத்தான் பெருமையாகக் காட்டுகிறார். [படம்]

மெய்யப்பன்: கீழே வை.

வள்ளி: ஏன் பெரியப்பா?

மெய்யப்பன்: ஆறு இலக்கப் பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15இல்தான். 65இல் தி.நகர் என்றால் 'மெட்ராஸ் - 17' என்று மட்டும் இருக்கும். இதே மாதிரி, சென்னை என்று ஆங்கிலத்தில் அச்சடித்த சீட்டு இருந்தால் 1996க்குப் பிறகு. விலைச்சீட்டில் அணா இருந்தால் 57 ஏப்ரலுக்கு முன்னால், நயா பைசா என்றிருந்தால் 57க்கும் 64க்கும் நடுவில். பாங்கில் முப்பது வருஷம் சும்மா உட்காரவில்லை.

கண்ணன்: அம்மான்!!

வள்ளி: சொன்னேன். உள்ளே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்து 'அந்தக் கால ஸ்டைல்' என்று அர்த்தமாம் என்கிறார். 900க்குத் தருகிறாராம்.

கண்ணன்: 900க்கு எடுத்துவிடு. சிங்கப்பூரில் யார் பின்கோடு பார்க்கப் போகிறார்கள். அந்த லட்சுமி படத்தை இங்கே அனுப்ப முடியுமா?

மெய்யப்பன்: அசலாக இருந்தால் அனுப்ப முடியாது. ரவிவர்மா பம்பாயில் அச்சகம் வைத்தது 1894. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் என்றால் 1972ஆம் வருஷச் சட்டப்படி நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. வள்ளி, போன் கேமராவில் லட்சுமியின் கன்னத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார். புள்ளிகள் வரிசை பிசகாமல் அச்சடித்த மாதிரி இருந்தால் புது அச்சு. பழைய கல் அச்சில் புள்ளி கையால் வைத்தது, தாறுமாறாகத்தான் இருக்கும்.

வள்ளி: வரிசையாக இருக்கிறது.

மெய்யப்பன்: அப்படியானால் தாராளமாக அனுப்பலாம்.

கண்ணன்: 12,000க்கா? வேண்டாம் அம்மான்.

வள்ளி: கண்டாங்கி? அரக்குக் கரை, கடுகு நிறத்தில் கட்டம். அறுபது வருஷப் புடவை என்கிறார். [படம்]

மெய்யப்பன்: கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

உமையாள்: குறியீடு கிடைத்தது, விலையும் கிடைத்தது.

சீதை: அகலத்தைப் பிடித்துப் பார் வள்ளி. இடுப்பில் வைத்தால் எங்கே நிற்கிறது?

வள்ளி: தரை வரை வருகிறது பெரியம்மா.

சீதை: அப்ப புதுசு. பின்கொசுவம் வைத்துக் கட்டுகிறவர்களுக்குக் கணுக்காலுக்கு மேலே நின்றால் போதும், நெய்ததும் அவ்வளவுதான். இன்னொன்று, மடிப்பைப் பிரித்து வெளிச்சத்தில் பிடி. வருஷக்கணக்காகப் பெட்டகத்தில் இருந்த நூல் புடவை மடிப்பு வாகில்தான் முதலில் இழை விடும். உன் படத்தில் மடிப்பு ஒன்றுகூடத் தேயவில்லை.

அலமேலு: ஆச்சி சொன்னால் சரிதான்

உமையாள்: காரைக்குடியில் தறிக்காரரிடமே நேராக வாங்கிக்கொள்ளலாம். புதுசைப் புதுசு என்று சொல்லி விற்பார்கள்.

பிற்பகல் 12:25

வள்ளி: கடைசியாக இந்தத் தூக்கு. இது நிஜமாகவே பழசு என்று நினைக்கிறேன். நல்ல கனம். கழுத்தில் பேர் வெட்டியிருக்கிறது. [படம்] [படம்]

மெய்யப்பன்: இது அசல். மங்கில் உளி வைக்க முடியாது, தெறித்துவிடும். பித்தளையில்தான் இப்படிப் புள்ளி புள்ளியாக வெட்டுவார்கள். விலாசம், அதாவது வீட்டுப் பேரெழுத்து, சோ.தெ.வ. என்று படிக்கிறேன். எந்த ஊர் என்று பார்க்க வேண்டும். தெ என்றால் தெண்ணப்பனாக இருக்கலாம். கண்டனூர்ப் பக்கமா, பள்ளத்தூரா

கண்ணன்: அம்மான் ஆரம்பித்துவிட்டார்.

உமையாள்: பேர் வெட்டின சாமானைப் பேரோடு விற்றிருக்கிறார்களே, என்ன வீடோ. தேய்த்துவிட்டாவது விற்கக்கூடாதா? கல்யாணத்துக்குச் சாமான் பரப்பும்போது மட்டும் ஊரைக் கூட்டிக் காட்டத் தெரிகிறது.

அலமேலு: உமையாள் ஆச்சி

அலமேலு: கொஞ்சம் இருங்க

சீதை: எங்க வீட்டு விலாசம்தான்.

உமையாள்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சீதை: நீக்க வேண்டாம் உமையாள். படித்துவிட்டேன்.

மெய்யப்பன்: சீதை அண்ணமிண்டி, ஒரே எழுத்து பல வீடுகளுக்கு வரும். உறுதியாகச் சொல்ல முடியாது.

சீதை: வள்ளி, 'தெ'யில் கொம்பைப் பார். மேல் சுழி இருக்காது. வெட்டுகிறபோது உளி வழுக்கி ஒரு கோடு கீழே இழுத்திருக்கும். அடியில் கை வைத்துப் பார், ஒரு காசு அளவுக்கு ஈயப் பற்று.

வள்ளி: இருக்கிறது பெரியம்மா. இரண்டும்.

சீதை: ஜோடித் தூக்கு. அப்பச்சி போனபிறகு தம்பிக்கு வியாபாரம் நொடித்தது. சாமான் அறையைத் திறந்துவிட்டான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடையிலிருந்து ஆள் வந்து எங்கள் முகப்பிலேயே தராசு கட்டினார்கள். பித்தளை தனி, வெண்கலம் தனி, எவர்சில்வர் தனி. எல்லாம் எடைக்கு. எனக்குத் தெரிந்தது மூன்று மாதம் கழித்து, அதுவும் பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லி. நான் அவனை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் வந்துவிடுமா?

அலமேலு: எங்கள் வீட்டிலும் போச்சு ஆச்சி. நிலையோடு கதவும் போச்சு.

மெய்யப்பன்: எந்த வீட்டில் போகவில்லை

உமையாள்: அண்ணமிண்டி, நான் யார் வீடு என்று தெரியாமல் சொன்னது.

சீதை: தெரிந்தால் சொல்லியிருக்க மாட்டாயா?

கண்ணன்: 🙈

உமையாள்: கண்ணா நீ பேசாமல் இரு.

வள்ளி: பெரியம்மா, வாங்கவா?

சீதை: வேண்டாம். 7,500 தண்டம். அவன் அன்றைக்கு அந்த அறை முழுக்க விற்றே அதற்கு இரண்டு மடங்குதான் கிடைத்திருக்கும்.

சொக்கலிங்கம்: வாங்கு

கண்ணன்: பெரியம்மான் எழுதிவிட்டார்!! பிறந்தநாள் வாழ்த்துக்குக்கூடப் பதில் போடாதவர்.

சீதை: வேண்டாம் என்றேனே. ஒரே வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதில் ஏன் எழுத வேண்டும்? பட்டாலையில்தானே இருக்கிறேன்.

உமையாள்: நான் வாங்கித் தருகிறேன். சாந்திக்கு நாத்தனார் சீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பழம் வைத்துக் கொண்டுவந்து நடுவில் வைக்கிறேன். யார் கேட்கிறார்கள் என்று பார்ப்போம்.

சீதை: அதெல்லாம் அப்புறம்.

சீதை: இதன் ஜோடி என் கல்யாணச் சாமானோடு இங்கே வந்தது. இரண்டாங்கட்டு அறையில்தான் இருக்க வேண்டும். முடிந்தால் அதைப் பார்க்க வேண்டும் எனக்கு.

மெய்யப்பன்: @லெட்சுமணன்

உமையாள்: இப்போதாவது வாயைத் திறக்கிறாரா பார்ப்போம்.

லெட்சுமணன் (கோவை): சாவி என்னிடம்தான் இருக்கிறது. இல்லை என்று நான் எப்போதும் சொன்னதில்லை. அறையில் என் பங்குச் சாமானும் கிடக்கிறது. நான் வராமல் திறக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

உமையாள்: பெல்ஜியம் கண்ணாடியும் பங்குதானா?

லெட்சுமணன்: அதை இப்போது ஏன் இழுக்கிறீர்கள்?

மெய்யப்பன்: அப்பத்தா அந்தக் கண்ணாடியை யாருக்கு என்று சொன்னார் என்பதற்கு நானே சாட்சி. ஆனால் அதை இந்தக் குழுவில் வேண்டாம்.

உமையாள்: வேறு எந்தக் குழுவில்?

லெட்சுமணன்: சீதை ஆச்சிக்காக வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை.

மெய்யப்பன்: நாளைக்கா?

லெட்சுமணன்: ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேரன் பரீட்சை முடியட்டும்.

சீதை: சரி

வள்ளி: முடிவு என்ன என்று யாராவது சொல்லுங்கள். கண்ணன் அத்தான் சட்டை எடுத்துவிட்டேன், 900. கேரியரை வேண்டாம் என்று வைத்துவிட்டேன். தூக்கை 6,000க்குத் தருகிறாராம், திங்கள்கிழமை வரை எடுத்து வைப்பாராம். 500 முன்பணம் கொடுத்திருக்கிறேன்.

சீதை: யார் கொடுக்கச் சொன்னது?

சொக்கலிங்கம்: நான். போன் பண்ணினேன்.

சீதை: ம்

கண்ணன்: மீதி 5,500 நான் அனுப்பவா?

உமையாள்: நான் தருகிறேன் என்று சொன்னேனா இல்லையா?

அலமேலு: முன்பணம் என்றதும் ஞாபகம் வந்தது. சமையல்காரர் பேசினார். முன்பணம் வந்தால்தான் நாளைக் குறித்துக்கொள்வாராம்.

மெய்யப்பன்: நான் கொடுத்தாயிற்றே. 5,000.

சொக்கலிங்கம்: நானும் கொடுத்தேன்

லெட்சுமணன்: என்னிடமும் கேட்டார். 2,000 அனுப்பினேன்.

உமையாள்: அந்த ஆள் நம்பரை யாராவது எனக்கு அனுப்புங்கள்.