தாளக் குறியீடு: அட்டையா, வாயா?

கொருக்குப்பேட்டை கீபோர்டு:
எட்டு ஒன்பது வயசுப் பசங்க ஏழு பேர். "மினிம் ரெண்டு கவுன்ட், கிராச்செட் ஒண்ணு"ன்னு நோட்டுங்களோட நீளத்தைப் போர்டுல எழுதினா கொட்டாவி விடுறாங்க. தரையில சாக்பீஸால நாலு கட்டம் போட்டேன். கட்டத்துக்கு ஒரு கவுன்ட். மினிமுக்கு ரெண்டு கட்டம் நீள அட்டை, குவேவருக்கு அரைக் கட்டம். அட்டை மேலயே நடந்து எண்ணணும். ரெண்டே வகுப்புல புடிச்சுக்கிட்டாங்க. படம் இல்லாம நொட்டேஷன் தொடங்கவே கூடாதுங்கறேன்.

ராயபுரம் டோலக்:
இன்னாண்ணே, பாண்டி ஆடவா ஃபீஸ் வாங்குறீங்க? எங்க தெருவுல கேரம் போர்டு ஓரத்துல தட்டியே கானாவுக்குத் தாளம் புடிக்கிறான் ஒரு பொடியன். அவன் எந்த அட்டையைப் பாத்தான்? முதல்ல வாய்ண்ணே. 'த' ஒரு கவுன்ட், 'தக' அரை அரை, 'தகதிமி' கால் கால். ஹங்கேரிக்காரங்க இசை சொல்லிக்கொடுக்கிற கோடாய் முறையிலயும் 'டா, டிடி'ன்னு வாய்ல வந்தப்புறம்தானே எழுத்து?

கொருக்குப்பேட்டை கீபோர்டு:
பொடியன் வாசிப்பான், சரி. படிப்பானா? மியூசிக் கிரேடு எக்ஸாம்ல கேட்டே இராத வரியை நீட்டுவாங்க தம்பி.

பெரம்பூர் பியானோ டீச்சர்:
நானும் கட்டம் போட்டவதான். சிக்கல் புத்தகத்தைத் திறக்கும்போது வரும். அச்சுல மினிமுக்குச் சரியா ரெண்டு மடங்கு இடம் விட மாட்டாங்க. கட்டத்துக்குப் பழகின பிள்ளை, நோட்டோட வடிவத்தைப் பார்க்காம இடைவெளியை அளக்குது. ரெஸ்ட், அதான் வாசிக்காம எண்ண மட்டும் வேண்டிய இடம், அதைவிட மோசம். காலிக் கட்டம்னா தாண்டிக் குதிச்சிடும்.

கொருக்குப்பேட்டை கீபோர்டு:
ரெஸ்ட் விஷயம் நிஜம் டீச்சர். போன சனிக்கிழமை ஒருத்தன்கூட காலிக் கட்டத்துல நிக்கல.

ராயபுரம் டோலக்:
அதுக்குத்தான் கை. எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்துல ஒரு தட்டு, மூணு விரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. வீச்சுன்னா உள்ளங்கையைத் திருப்புறது. விரல் எண்ணும்போது சத்தமே இல்ல, ஆனா எட்டும் உள்ள ஓடும். காலிக் கட்டத்துல வீச்சு போடச் சொல்லுங்க, எவன் தாண்டுறான் பாப்போம்.

பெரம்பூர் பியானோ டீச்சர்:
ஒரு கவுன்ட் ரெஸ்ட்டுக்கு நல்லா வரும். அரைக் கவுன்ட்டுக்கு வீச்சு முடியறதுக்குள்ள அடுத்த நோட்டு வந்துடுமே! நான் மூணாவது வாரமே கட்டத்தை அழிச்சிடுவேன். அதே தாளத்தை வெறும் தாள்ல, வேணும்னே இடைவெளியைக் கோணலா விட்டு எழுதி வாசிக்க வைப்பேன்.

கொருக்குப்பேட்டை கீபோர்டு:
கோணல் தாள் எனக்குத் தோணவே இல்ல. இந்த சனிக்கிழமை வீச்சையும் சேர்த்துப் பார்க்கறேன். அட்டையை மட்டும் விட மாட்டேன்.

ராயபுரம் டோலக்:
விடாதீங்க. எண்ணும்போது வாயையும் தொறக்கச் சொல்லுங்க.