சாட்டிகோனா சந்தையில் நியம்கிரி மக்கள்

ஒடிசாவின் ராயகடாவில் வேலை நிமித்தம் தங்கியிருந்த காலத்தில், பக்கத்திலுள்ள சாட்டிகோனாவின் புதன்கிழமைச் சந்தைக்குப் போவேன். நியம்கிரி மலையிலிருந்து டோங்ரியா கோந்த் பழங்குடி மக்கள் விளைச்சலைச் சுமந்து இறங்கும் நாள் அது. பெண்களுக்கு மூக்கில் மூன்று வளையங்கள், கூந்தலில் செருகிய சிறு கத்தி, தலைச்சுமையில் அன்னாசி, மஞ்சள், இஞ்சி. ஊர் எல்லையிலேயே வியாபாரிகள் மறித்து, பிடுங்காத குறையாகச் சுமையை இறக்குவார்கள். விலையையும் அவர்களே சொல்வார்கள். பார்க்கவே வயிறு எரியும்.

அங்கே பழக்கமான இளைஞர் ஒருவருக்கு இந்தி தெரியும். 2013 பற்றி அவரிடம் கேட்டேன். நியம்கிரி உச்சியில், அலுமினியத்தின் மூலத்தாதுவான பாக்சைட்டை வெட்டலாமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று அந்த ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்க, மாநில அரசு 12 ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மாவட்ட நீதிபதி முன்னிலையில் கூட்டங்கள் நடந்தன. பன்னிரண்டு ஊர்களும் ஒரே குரலில் வேண்டாம் என்றன. அப்போது சிறுவனாக இருந்த இவர், பாட்டியின் மடியை ஒட்டி உட்கார்ந்திருந்தாராம். "உச்சியை வெட்டினால் ஓடை வற்றும். ஓடை இல்லாமல் அன்னாசி ஏது, நாங்கள் ஏது?" என்று பாட்டி எழுந்து கேட்டாராம்.

உச்சியில் அவர்களுடைய தெய்வம் நியம் ராஜா குடியிருப்பதால் அங்கே மரம் வெட்ட மாட்டார்கள். இதை வெறும் நம்பிக்கை என்று தள்ளுபவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. வம்சதாரா ஆறு பிறப்பதே இந்த மலையில்தான். உச்சியிலுள்ள பாக்சைட் படிவம் மழைநீரை உறிஞ்சி வைத்துக் கோடையிலும் ஓடைகளுக்குக் கசியவிடுகிறது. சாமி இருக்கும் இடமும் தண்ணீர் இருக்கும் இடமும் ஒன்றாக இருப்பது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய தங்கை பக்கத்தில் உட்கார்ந்து கப்டாகந்தா சால்வையில் ஊசி வேலை செய்துகொண்டிருந்தாள். தடித்த வெள்ளைத் துணியில் சிவப்பு, பச்சை, மஞ்சள் நூலால் வரிசை வரிசையாக முக்கோணங்கள். அவை மலைகள் என்றாள்.

2016இல் மாநில அரசு சுரங்கத்துக்கு வழி கேட்டு மறுபடியும் நீதிமன்றம் போனது, மனு எடுபடவில்லை. ஆனால் அடிவாரத்தில், லாஞ்சிகரில், பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும் ஆலை இன்னும் ஓடுகிறது. அதனால்தான் ஊர்க்கூட்டங்களை நிறுத்தவில்லை என்றார் இளைஞர்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் மஞ்சளோ அன்னாசியோ வாங்கினால், சுமந்து வரும் பெண்களிடமே வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்.