கேமரா மாட்டியதால்தான் திருட்டு குறைந்ததா? எப்படித் தெரிந்துகொள்வது?

மேலத்தெரு:
மதுரையில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். போன வருஷம் வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் வசூலித்து எட்டு கேமரா மாட்டினோம். இப்போது ஸ்டேஷனில் "உங்க ஏரியால கேஸ் பாதியா குறைஞ்சிருச்சு, இன்னும் எட்டு போடுங்க" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. எதிர்வீட்டு அக்கா வாசலில் இருந்த தண்ணீர் மோட்டாரை ஆவணியில் தூக்கிக்கொண்டு போனார்கள். புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீதோடு சரி, அதாவது புகாரை வாங்கிக்கொண்டதற்கான சீட்டு மட்டும்; வழக்குப் பதியவில்லை. அது அந்தப் 'பாதி'யில் சேருமா? பென்ஷனில் வாழ்கிறவர்களிடம் மறுபடி போய்க் கை நீட்டுவதற்கு முன்னால் எனக்கு உண்மை தெரிய வேண்டும்.

பழைய ரைட்டர்:
சேராது தம்பி. ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவன் சொல்கிறேன், எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் வெளியிடுவதும் பதிவான வழக்குகளைத்தான். பைக் திருட்டை மட்டும் தனியாகக் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இன்சூரன்ஸ் பணம் வராது என்பதால் ஜனங்கள் விடமாட்டார்கள். அந்த எண்ணை ஓரளவு நம்பலாம்.

கயல்:
சார், திருட்டு அதிகமாக இருந்த வருஷம்தானே வசூலித்திருப்பீர்கள்? வழக்கத்தைவிட ஏறிய எண் பெரும்பாலும் தானாகவே பழைய அளவுக்குத் திரும்பும். அப்படியானால் கேமரா இல்லாமலேயே அடுத்த வருஷம் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். கேமரா இல்லாத பக்கத்துத் தெருவிலும் இறங்கியதா என்று பாருங்கள்.

பல நாடுகளில் 40 ஆண்டுகளாக நடந்த கேமரா ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் ஒரு கட்டுரை வந்தது. கேமரா வைத்த இடங்களில் குற்றம் சராசரியாக 13% குறைவு. வாகன நிறுத்துமிடங்களில் நல்ல பலன், அடிதடியில் சொல்லும்படி இல்லை. திரை முன்னால் ஆள் உட்கார்ந்து கவனித்த இடங்களில் பலன் கூடுதல்.

ராஜஸ்தானில் குடிபோதை ஓட்டுநர்களைப் பிடிக்கும் சோதனையைக் காவல்துறையே ஆய்வாளர்களோடு சேர்ந்து பரிசோதித்தது. எந்த ஸ்டேஷனில் எந்த முறை என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்தார்கள். போலீஸ் இடத்தை மாற்றி மாற்றி நின்று சோதித்த பகுதிகளில் இரவு விபத்து 17%, இரவு மரணம் 25% குறைந்தது. ஒரே இடத்தில் நின்றதற்குப் பலன் தெரியவில்லை. முன்னாடி, பின்னாடி எண்களை மட்டும் பார்த்திருந்தால் இந்த வித்தியாசம் பிடிபட்டிருக்காது.

மேலத்தெரு:
ஆமாம்மா, ஒரே மாதத்தில் மூன்று வீட்டில் பூட்டு உடைந்த பிறகுதான் வசூலித்தோம். எங்கள் கேமராத் திரை சங்க அறையில் பூட்டிக் கிடக்கிறது, பார்க்க ஆளில்லை. ரெண்டு தெருவுக்கும் மூன்று வருஷத்து எஃப்.ஐ.ஆர்., சி.எஸ்.ஆர்., பைக் திருட்டு எண்ணிக்கையைத் தனித்தனியாகக் கேட்டு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிவிட்டேன். திங்கள்கிழமை தபாலில் போடுகிறேன். பதில் வரும்வரை வசூல் நோட்டை எடுப்பதாக இல்லை.