டைமிங் பெல்ட் மாற்றிய மறுநாள் காலை

காலையில் கார் கிளம்பாத அனுபவம் கேட்ட இந்த இழையில் எல்லாரும் பேட்டரி கதைகளாகவே சொல்கிறீர்கள். என்னுடையது பேட்டரி நன்றாக இருந்தும் கிளம்ப மறுத்த வண்டி.

பத்து வருடம் முடிந்து, சிஓஇயை (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்த கார். ஐந்து வருடக் கணக்கில் எடுத்தால் மறுபடி நீட்டிக்க முடியாது, அதனால் பெரிய செலவு எதுவும் வேண்டாமென்றுதான் இருந்தேன். ஆனால் எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்கையும் வால்வுகளையும் ஒத்து இயங்க வைக்கும் பல் வைத்த டைமிங் பெல்ட் அறுந்தால் எஞ்சினே போய்விடும். சின் மிங் பக்கம் ஒரு பட்டறையில் பெல்ட்டையும், எண்ணெய் கசிந்த கிராங்க் சீலையும் மாற்றினேன். சாயங்காலம் ஈசூனுக்கு ஓட்டி வந்தபோது ஒரு குறையும் இல்லை.

மறுநாள் காலை மாடிக் கார்பார்க்கில் ஸ்டார்ட்டர் ஜோராகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. பக்கத்து பிளாக் அண்ணன் ஜம்பர் கேபிளோடு ஓடி வந்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் கேபிளுக்கு அங்கே வேலையே இல்லை. பேட்டரி இறங்கியிருந்தால் ‘டிக் டிக்’ சத்தம்தான் கேட்கும், டேஷ்போர்டு விளக்குகளும் மங்கும். இங்கே ரெண்டும் இல்லை.

என் பயமெல்லாம் பெல்ட் பல் தவறிவிட்டதோ என்பதுதான். அப்படி என்றால் திரும்பத் திரும்ப சாவியைத் திருப்பவே கூடாது. பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். பெல்ட் அறுந்தாலோ நன்றாக விலகினாலோ சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் கம்ப்ரெஷன் இருக்காது, ஸ்டார்ட்டர் சுமையே இல்லாதது போல வேகமாக, ஒரே சீராகச் சுற்றும். என் வண்டியில் வழக்கமான ஏற்ற இறக்கத்தோடுதான் சத்தம் வந்தது. அப்பாடா!

அப்புறம்தான் எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பார்த்தேன். என் காரில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது அது லேசாக எழும், அன்றைக்கு அசையவே இல்லை. காரின் கோளாறு எண்களைப் படிக்கும் ஓபிடி ரீடரைச் செருகினால் பி0335 என்று வந்தது. அதாவது, கிராங்க் சுற்றுவதைக் கவனிக்கும் சென்சாரிலிருந்து சிக்னல் இல்லை. அந்த சிக்னல் வராவிட்டால் எப்போது பெட்ரோல் பீய்ச்சுவது, எப்போது ஸ்பார்க் கொடுப்பது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. என் எஞ்சினில் அந்த சென்சார் இருப்பது கிராங்க் புல்லிக்குப் பக்கத்தில், அதாவது முந்தின நாள் அவர்கள் கை வைத்த அதே இடத்தில்.

டோ வண்டியைக் கூப்பிடாமல் பட்டறை அங்கிளுக்கே போன் செய்தேன். ‘டோன்ட் டோ லா, ஐ கம்’ என்று வேனில் வந்துவிட்டார். சென்சார் பிளக்கின் பூட்டு உடைந்திருந்தது. வருடக்கணக்கில் எஞ்சின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக், கழற்றி மாட்டும்போது முறிந்திருக்கிறது. வீடு வரும் அதிர்வில் பிளக் தளர்ந்துவிட்டது. அழுத்திச் செருகி, கேபிள் டை போட்டார், முதல் திருப்பிலேயே பிடித்தது. பிறகு பிளக்கையும் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்.

நண்பர் ஒருவருக்கு, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை மாற்றிய பிறகு இதே மாதிரி. ஒரு வயர் சரியாக மாட்டப்படவில்லை, சார்ஜ் ஏறாமல் பிஐஇ எக்ஸ்பிரஸ்வேயில் கார் நின்றுவிட்டது. எக்ஸ்பிரஸ்வேயில் நின்றால் எல்டிஏயின் (நிலப் போக்குவரத்து ஆணையம்) மீட்பு வண்டி இலவசமாகவே பக்கத்துக் கார்பார்க் வரை இழுத்து விடும், அதற்குப் பிறகு நம் செலவு. ஆகவே புது பேட்டரி வாங்கும் முன், கடைசியாகக் கழற்றிய இடத்தில் உள்ள பிளக், எர்த் வயர், ஃபியூஸ் மூன்றையும் பாருங்கள்.

மேலே ஒருவர் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னுவதாகச் சொல்லியிருந்தார். அது, சரியான சாவியை அடையாளம் காணாவிட்டால் எஞ்சினைக் கிளம்ப விடாத இம்மொபிலைசராக இருக்கலாம். வீட்டில் இருக்கும் மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.