ராஜா ஜி6-க்கு ஏறிவிட்டால் என்ன செய்வது?

நண்பர்களே, சதுரங்கத்தில் கோட்டை கட்டிய (கேஸ்லிங் செய்த) கறுப்பு ராஜாவைத் தாக்க எச்7 கட்டத்தில் பிஷப்பைப் பலி கொடுக்கிறோமே, அதில் ஓர் இடம் எனக்குப் பிடிபடவே இல்லை. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய சதுரங்க ஆட்டக்காரர் கிரேகோவின் குறிப்புகளிலேயே வந்துவிட்ட உத்தி இது. ஆனாலும் பிஷப்பைத் தூக்கும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

பிஷப் எச்7 சிப்பாயை வெட்டுகிறது, ராஜா பிஷப்பை வெட்டுகிறது, குதிரை ஜி5-ல் இறங்கி செக். ராஜா ஜி8-க்குத் திரும்பினால் ராணி எச்5-க்கு வரும். அடுத்தது எச்7-ல் மேட். எஃப்6-ல் கறுப்புக் குதிரை இல்லையென்றால் இதுவரை தெளிவு.

நேற்று எதிராளி ராஜாவை ஜி6-க்கு ஏற்றினார். ராணியை ஜி4-ல் வைத்தேன். அவர் எஃப்5-க்குச் சிப்பாயைத் தள்ளியதும் திகைத்துப்போய் ராணிகளை மாற்றிக்கொண்டு தோற்றேன். ராணியை ஜி3-க்கு இழுத்திருந்தால், குதிரை இ6-க்குப் பாயும்போது பின்னாலிருந்து ராணியின் செக் விழுந்திருக்கும்! இரவெல்லாம் அந்த நிலைதான் கண்முன் நின்றது.

அந்த இடத்தில் ராணி ஜி4-ஆ, எச்4 சிப்பாயா? பலி கொடுக்கும் முன்பே எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள்? பயிற்சிக்கு ஏற்ற நிலைகள் இருந்தாலும் தயவுசெய்து சொல்லுங்கள்.