16 அடி படகுக்குச் சொந்தமாக சர்ஃபேஸ் டிரைவ்: சிவி ஜாயிண்ட் தாங்குமா?

உப்பாறு:
16 அடி ஃபைபர் ஸ்போர்ட்ஸ் படகு, அடிப்பாகம் வி வடிவம். ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 650 கிலோ. ஜிப்ஸியின் 1.3 லிட்டர் எஞ்சின், 6000 ஆர்பிஎம்மில் சுமார் 75 குதிரைத்திறன். 2:1 மரைன் கியர்பாக்ஸ் கைவசம் இருக்கிறது. சர்ஃபேஸ் டிரைவ், அதாவது புரொப்பல்லர் பாதி தண்ணீருக்கு வெளியே சுற்றும் அமைப்பு, செய்ய ஆசை. ஆர்னெசன் டிரைவ் மாதிரி, ஷாஃப்டையே திருப்பிப் படகைத் திருப்பும் பந்து மூட்டு செய்து, உள்ளே கார் சிவி ஜாயிண்ட் (வளைந்த நிலையிலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) போடலாமா? ஷாஃப்ட் 30 மிமீ. என்ன புரொப்பல்லர் போடுவது?

லேத்மேடு:
சிவி ஜாயிண்ட் முறுக்கைத் தாங்கும், தள்ளுவிசையைத் தாங்காது. உங்கள் எடைக்கும் சக்திக்கும் க்ரவுச் சூத்திரப்படி மணிக்கு 70 கிமீ வரும். அந்த வேகத்தில் தள்ளுவிசை ஏறத்தாழ 175 கிலோ. படகு வேகமெடுத்து நீர்மேல் எழும்புவதற்கு முன் இன்னும் அதிகம். அது அப்படியே ஜாயிண்டுக்குள் போனால், சறுக்கி நீள வேண்டிய உள்பாகம் கடைசிவரை போய்க் கிண்ணத்தின் அடியில் முட்டும். கழற்றிப் பார்த்தால் அடியில் வட்டமாகத் தழும்பு தெரியும். கிரீஸ் பூட் கிழிவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆகவே தள்ளுவிசையை ஷாஃப்ட் குழாயிலேயே நிறுத்துங்கள். குழாயின் முன்முனையில் 30206 டேப்பர் பேரிங் இரண்டு, முதுகோடு முதுகாக. பின்முனையில் ஒரு ரோலர் பேரிங், அது முன்பின் நகர இடம் விட்டு. இரண்டு முனையையும் இறுக்கிப் பூட்டினால் சூட்டில் நீளும் ஷாஃப்ட் பேரிங்கைத் தின்றுவிடும். குழாயில் 90 நம்பர் கியர் ஆயில். நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சின்ன ஆயில் டப்பா வைத்து ஹோஸ் இணைத்தால் உள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், தண்ணீர் நுழையாது. ஆயில் பால் போல வெளுத்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். சீல் இரண்டு போடுங்கள், வெளிச்சீலின் உதடு தண்ணீரைப் பார்க்கட்டும். 316 ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட் மென்மையானது, சீல் உதடு அதில் பள்ளம் போடும். அந்த இடத்தில் மட்டும் கடினமான ஸ்லீவ் ஏற்றுங்கள்.

30 மிமீ முறுக்குக்கு ஏராளம். ஆனால் ஒவ்வொரு இறக்கையும் காற்றிலிருந்து தண்ணீருக்குள் அறைந்து இறங்குகிறது, அதனால் ஷாஃப்ட் வளைந்து வளைந்து களைக்கும். கடைசி பேரிங்குக்கும் புரொப்பல்லர் ஹப்புக்கும் இடையே 30 மிமீக்கு மேல் விடாதீர்கள்.

கழிமுகம்:
என் ஓட்டு: முதல் தடவை பந்து மூட்டே வேண்டாம். ஷாஃப்டை அசையாமல் வைத்து, சுக்கானால் திருப்புங்கள். பந்து மூட்டில் சீல், ஹைட்ராலிக், ஜாயிண்ட் மூன்றும் ஒரே நேரத்தில் தகராறு செய்யும். எது கெட்டது என்று கண்டுபிடிப்பதற்குள் சீசன் முடிந்துவிடும்.

புரொப்பல்லர் 14 அங்குல விட்டம், 18 அங்குல பிட்ச் (வழுக்காமல் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்). கணக்கு: பிட்ச் 18, 2:1 கியருக்குப் பின் 3000 ஆர்பிஎம், அங்குலம்/நிமிடத்தை கிமீ/மணியாக்க 0.001524. 18 × 3000 × 0.001524 = மணிக்கு 82 கிமீ; 15% வழுக்கல் கழித்தால் 70. ஸ்டெயின்லெஸ் கிளீவர் வகை (பின்விளிம்பு நேராக வெட்டிய இறக்கை), விளிம்பில் கப், அதாவது சின்ன வளைவு, உள்ளது. சாதாரண அலுமினிய அவுட்போர்டு புரொப்பல்லர் பாதி மூழ்கிய நிலையில் பிடிப்பு இல்லாமல் சும்மா சுற்றும்.

உப்பாறு:
நன்றி. ஷாஃப்ட் அசையாது என்றால் உயரத்தை எப்படி முடிவு செய்வது?

கழிமுகம்:
படகு எழும்பி ஓடும்போது தண்ணீர் ட்ரான்ஸத்தின் (படகின் பின்சுவர்) அடிவிளிம்பில் அறுந்து பின்னால் போகிறது. ஹப்பின் மையம் அந்த மட்டத்தில் இருந்தால் பாதி இறக்கை தண்ணீரில். பின்னால் போகப்போக நீர்மட்டம் கொஞ்சம் ஏறும், அதனால் தாளில் போட்ட கணக்கு சரியாக வராது. பிராக்கெட்டில் 10 மிமீக்கு ஒரு துளை, மேலும் கீழும் 40 மிமீ இடம் வையுங்கள். முழு த்ராட்டிலில் 6000 எட்டவில்லையா, ஆழம் அதிகம். ஒரு துளை தூக்குங்கள். ஆர்பிஎம் எகிறி வேகம் கூடவில்லையா, ஒன்று இறக்குங்கள்.

பெரிய சிக்கல் புறப்படும்போதுதான். அப்போது புரொப்பல்லர் முழுசும் மூழ்கியிருக்கும், 75 குதிரை திணறும். 50 மிமீ குழாய் ஒன்றின் மேல்முனையைக் காற்றிலும், கீழ்முனையை மேல் இறக்கைகளுக்குச் சற்று முன்னாலும் வையுங்கள். இறக்கையின் உறிஞ்சும் முகம் அதன் வழியாகக் காற்றை இழுக்கும், சுமை குறைந்து ஆர்பிஎம் ஏறும். படகு எழும்பியபின் அந்தக் குழாய்க்கு வேலை இல்லை.

லேத்மேடு:
இன்னொன்று. வலச்சுற்று புரொப்பல்லர் (பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்று) என்றால் கீழ்ப்பாதி மட்டும் தண்ணீரை இடப்பக்கம் தள்ளும், படகின் பின்பக்கம் வலப்பக்கம் ஓடும். சுக்கானை அதற்கு ஏற்றபடி சற்றுத் திருப்பி வைத்தே ஸ்டியரிங் கம்பியைக் கட்டுங்கள். சுக்கான் புரொப்பல்லருக்கு நேர் பின்னால் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். ஷாஃப்டை உருவ வழி வேண்டும்.

ட்ரான்ஸத்தில் துளை போடும்போது பிளைவுட்டைத் திறந்தபடி விடாதீர்கள். பெரிதாகத் துளைத்து, எபாக்ஸி நிரப்பி, இறுகியபின் எம்12 போல்ட்டுக்கு மறுபடி துளையுங்கள். தள்ளுவிசை ட்ரான்ஸம் பலகையில் நிற்காமல் படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டைகளுக்குப் போக உள்ளே முக்கோணத் தாங்கிகள் வேண்டும்.

துறைமுனை:
ஏணியைப் பின்னால் வைக்காதீர்கள். இறக்கை ட்ரான்ஸத்துக்கு வெளியே அரை மீட்டருக்கு மேல் திறந்தபடி நீட்டிக்கொண்டிருக்கும். ஏறி இறங்குவது பக்கவாட்டில், எஞ்சினை அணைத்தபின். கில் ஸ்விட்ச் (கயிறு இழுபட்டால் எஞ்சினை நிறுத்தும் ஸ்விட்ச்) கயிறு ஓட்டுபவர் இடுப்பில்.